கூடத்தில் வரைந்த அறை

அத்தியாயம் ஒன்பது

ஜூலை பன்னிரண்டு, சனிக்கிழமை, காலை ஆறு மணி இருபது நிமிடம். இரவெல்லாம் பெய்த மழை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. வானம் மூடியே இருந்தது, காற்றில்லை.

கூடத்துத் தரையில் மண்டியிட்டிருந்தார் வரைவாளர். நாற்காலிகள் ஒன்றன்மேல் ஒன்றாக மூலைக்குப் போயிருந்தன. சாப்பாட்டு மேசை சமையலறை வாசலை முக்கால்வாசி அடைத்துக்கொண்டு நின்றது. அவர் கையில் சாக்பீஸ். பற்களுக்கிடையே அளவுநாடாவின் நுனி. ஆகவே, மனைவி கேட்ட கேள்விக்குப் புருவத்தால்தான் பதில் சொல்ல முடிந்தது.

கேள்வி இதுதான்: "டீ போட உள்ள போறதுக்கு வழி உண்டா, இல்ல நான் ஜன்னல் வழியா ஏறிக் குதிக்கணுமா?"

புருவம், பக்கவாட்டில் போகலாம் என்றது.

வீடுகளுக்குப் பிளான் வரைந்து கொடுப்பது அவர் தொழில். அதில் அவருக்கென்று ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பிளானையும் தாளில் மட்டும் பார்த்துக் கையெழுத்திட மாட்டார். காலி மனையில் சுண்ணாம்புத் தூளால் முழு அளவில் கோடு போட்டு, வீட்டுக்காரரை அதற்குள் நடக்கவிடுவார். கோட்டை மிதித்தவரைச் சுவரில் முட்டிக்கொண்டவராகவே கருதிப் பிளானைத் திருத்துவார். இதனால் அவருக்கு நல்ல பெயரும் உண்டு; வேலையை இழுத்தடிப்பவர் என்ற பெயரும் உண்டு. இளைய மகள் வைத்த பெயர் 'அங்குலம்'.

மூத்த மகளுக்குக் கடல் கடந்த பல்கலைக்கழகம் ஒன்றில் நீரியல் முதுநிலைப் படிப்புக்கு இடம் கிடைத்ததையும், படிக்க இடம் கிடைத்த ஊரில் படுக்க இடம் கிடைக்காமல் அவள் பட்ட பாட்டையும் சென்ற வாரங்களில் கண்டோம். மாணவர் விடுதி, காத்திருக்கச் சொன்னதோடு நின்றுவிட்டது. முன்பணம் கேட்ட ஒரு வீட்டுக்காரர், வீடே இல்லாதவர் என்று தெரியவந்தது. கடைசியில் கைக்கெட்டும் வாடகையில் ஒன்றே ஒன்று அகப்பட்டது: ஆறு மாணவர்கள் பகிர்ந்து வாழும் பழைய வீட்டில், கூரைக்கு நேர்கீழே, ஒரு பக்கம் சரிந்த மேற்கூரையோடு கூடிய ஓர் அறை. வீட்டுக்கார அம்மையார் கையால் வரைந்த படம் ஒன்றும் புகைப்படங்கள் சிலவும் அனுப்பியிருந்தார். ஒப்பந்தத் தாளில் மாணவியோடு, அவளுக்குப் பொறுப்பேற்பவரும் கையெழுத்திட வேண்டும். இன்று மாலை நம் நேரம் ஆறு மணிக்குள் அது மின்னஞ்சலில் போய்ச் சேராவிட்டால், அறை அடுத்தவருக்கு.

பெரியவள் தன் கையெழுத்தை நேற்றே போட்டுவிட்டாள். அப்பாவின் இடம் வெறுமையாக இருந்தது.

"முழு அளவுல போட்டுப் பார்க்காம நான் எதுலயும் கையெழுத்துப் போட்டதில்ல" என்றிருந்தார் அவர். அது உண்மை. ஆனால் முழு உண்மையும் அதுவன்று.

சென்ற ஞாயிற்றுக்கிழமை அவர் மொட்டைமாடிக்குப் போய்த் தொலைபேசியில் பேசியது வாசகர்களுக்கு நினைவிருக்கும். மறுமுனையில் இருந்தவர் அவருடைய அக்கா. அதே நாட்டில், பல்கலைக்கழகத்திலிருந்து இரண்டு ரயில் மாறிப் போகவேண்டிய புறநகரில் வசிப்பவர். "புள்ளைய எதுக்குடா கண்டவங்களோட விடறே? என் வீடு எதுக்கு இருக்கு?" என்றார் அக்கா. "சரிக்கா" என்றார் தம்பி. அக்காவிடம் வேறு எந்தச் சொல்லையும் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. அப்படிச் சரி என்று சொன்னதை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

அளவில் பொய் சொல்ல அவருக்கு வராது. ஆனால் அறை ஆகாது என்று தரையே சொல்லிவிட்டால், அவர் எதையும் சொல்ல வேண்டியிராது. அந்த நம்பிக்கையில்தான் இன்று அவ்வளவு அதிகாலையில் எழுந்திருந்தார்.

*

ஏழரை மணிக்கு அறை தயாராகிவிட்டது. நான்கு கோடுகள், சுவர்கள். ஜன்னல் இருக்கும் இடத்தில் இரட்டைக் கோடு. சரிந்த கூரைக்காக, திரைச்சீலைக் கம்பியிலிருந்து எதிர்ப்பக்கக் கோடு வரை கயிறுகள் சாய்வாக இழுத்துக் கட்டப்பட்டிருந்தன. வாசலில் ஓர் இடைவெளி. அதிலிருந்து அறைக்குள்ளே கால் வட்டமாக ஒரு வளைகோடு. கதவு திறந்து மூடும் பாதை அது. அந்த வட்டத்துக்குள் எந்தப் பொருளும் நிற்கக் கூடாது என்பது அவர் தொழிலின் சட்டம்.

"இந்த நிமிஷத்துலேர்ந்து இது அறை" என்றார் மகள்களிடம். "சாயங்காலம் வரைக்கும் பெரியவ இதுக்குள்ளதான். படிக்கணும், படுக்கணும், துணி மடிக்கணும். வெளிய வர்றதுன்னா கதவு வழியாத்தான்."

"பாத்ரூம்?" என்றாள் சின்னவள்.

"அது மூணாவது மாடியில. ஆறு பேருக்குப் பொது."

"அப்ப நான் போய் உள்ள உக்காந்துக்கறேன்ப்பா. மத்த அஞ்சு பேரா நடிக்க ஆள் வேணுமில்ல?"

பெரியவள் சிரித்தாள். வீட்டில் இருந்த கட்டிலும், சின்னவளின் படிப்பு மேசையும், அலமாரிக்குப் பதிலாகக் குளிர்சாதனப் பெட்டி வந்த அட்டைப்பெட்டியும் உள்ளே போயின. கட்டிலை உயரமான சுவரோரம் போட்டால் அதன் கால்மாடு வளைகோட்டுக்குள் நீட்டிக்கொண்டிருந்தது.

"ஆகாது" என்றார் வரைவாளர். "கதவு இடிக்கும்."

கட்டில் கயிற்றுக்கடியில் போயிற்று. மேசைக்கு ஜன்னலோரம் கிடைக்கவில்லை. அட்டைப்பெட்டியைத் திறக்க வேண்டுமென்றால் மேசையை நகர்த்த வேண்டியிருந்தது.

மனைவி வேலைக்குக் கிளம்பி வந்து, கோட்டுக்கு வெளியே நின்று பார்த்தார். மருத்துவமனையின் விசாரணை மேசையில் இருப்பவர் அவர். நாள் முழுவதும் பிறருக்கு வழி சொல்வது அவர் வேலை.

"உள்ள இருக்கறது யாரு? பார்வையாளர் நேரம் எப்போ?" என்றார்.

"கதவைத் தட்டிட்டு வாங்கம்மா" என்றாள் பெரியவள்.

அம்மா காற்றில் மரியாதையாகத் தட்டி, உள்ளே போய், மகளின் தலையை ஒருமுறை தொட்டுவிட்டு, வாசல் வழியாகவே வெளியே வந்தார். போகும்போது கணவரை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்கு என்ன பொருள் என்று வரைவாளர் அப்போது யோசிக்கவில்லை.

*

முற்பகல் அமைதியாகக் கழிந்தது. பெரியவள் கட்டிலில் சாய்ந்து பாடப் புத்தகம் ஒன்றைப் படித்தாள். நிமிர்ந்தபோதெல்லாம் கயிறு நெற்றியில் பட்டது. ஒவ்வொரு முறையும், "கூரை" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு குனிந்தாள்.

வரைவாளர் தம்முடைய வரைபலகைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார், எதுவும் வரையவில்லை. ஒருமுறை பேனாவைத் தேடிக்கொண்டு கூடத்தைக் குறுக்கே கடந்தார்.

"அப்பா, சுவரு!" என்று சின்னவள் அலறினாள்.

அவர் நின்றார். கீழே பார்த்தார். வலது கால் அறைக்குள்ளும் இடது கால் வெளியிலுமாக இருந்தது.

"மத்தவங்க பண்ணினா பிளானையே மாத்துவீங்க. இப்ப எதை மாத்தறது, சுவரையா, அப்பாவையா?"

"அப்பாவ மாத்த முடியாது" என்றாள் பெரியவள் புத்தகத்திலிருந்து தலையெடுக்காமல். "தாங்கற சுவர் அது."

அவருக்கு அது பிடித்திருந்தது. பிடித்திருந்ததாலேயே சங்கடமாகவும் இருந்தது. காலை எடுத்து, சுற்றிப் போனார்.

மதியம் சாப்பாட்டுத் தட்டு வாசல் வழியாக உள்ளே போயிற்று. கட்டிலில் உட்கார்ந்து சாப்பிட இடமில்லாமல், பெரியவள் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். சாப்பிட்டு முடித்தபின் கொஞ்ச நேரம் கைப்பேசியில் யாருக்கோ ஏதோ எழுதினாள். பதில் வந்ததும் படித்துவிட்டுக் கைப்பேசியைத் தலையணைக்கடியில் வைத்தாள்.

மூன்று மணிக்கு, "அப்பா" என்று கூப்பிட்டாள்.

அவர் வாசலில் வந்து நின்றார்.

"கட்டில்ல உக்கார முடியல. மேசைக்கு வெளிச்சம் இல்ல. அலமாரிய திறந்தா மேசைய மடியில வச்சுக்கணும்."

"ம்."

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"நான் நினைக்கறதுக்கு என்ன இருக்கு? அளவு சொல்லுது."

"அளவு என்னப்பா சொல்லுது?"

அவள் அவரை நேராகப் பார்த்துக் கேட்டாள். அந்த ஒரு சொல்லை, 'ஆகாது' என்பதை, காலையிலிருந்து அவர் நாக்கின் நுனியில் வைத்திருந்தார். கட்டிலைப் பற்றி எளிதாகச் சொன்ன அதே சொல் இப்போது வெளியே வர மறுத்தது.

"எழுதித் தரேன்" என்றார்.

ஒரு பிளான் ஆகாது என்றால் அதற்கான காரணங்களைத் தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுப்பதும் அவர் வழக்கம். வாயால் மறுப்பவர்களை அவருக்குப் பிடிக்காது. காரணம் எழுதுமுன் எல்லாவற்றையும் ஒருமுறை மறுபடி சரிபார்ப்பதும் வழக்கம்.

*

வீட்டுக்கார அம்மையாரின் படத்தில் நான்கு கோடுகளும் இரண்டு இடைவெளிகளும் மட்டுமே இருந்தன; ஒன்று ஜன்னல், மற்றொன்று வாசல். அவற்றின்மேல் எழுதியிருந்த அளவுகளெல்லாம் தரையில் சரியாக இருந்தன. பிறகு வரைவாளர் புகைப்படங்களைக் கையிலெடுத்தார். பெரிதாக அச்செடுத்து வைத்திருந்தார். ஜன்னல் பக்கத்திலிருந்து வாசலை நோக்கி எடுத்த படத்தில், மூடிய கதவு ஒன்று இருந்தது. வெள்ளைக் கதவு. அதன்மேல் யாருடைய மேற்சட்டையோ தொங்கியது.

காலையில் அந்தப் படத்தில் அவர் பார்த்தது மேற்சட்டை தொங்கிய ஆணியைத்தான். இப்போது உருப்பெருக்கியை வைத்துக் கதவின் ஓரத்தைப் பார்த்தார்.

கீல்கள் தெரியவில்லை.

மறுபக்க ஓரத்தைப் பார்த்தார். அங்கும் இல்லை. கதவைச் சுற்றிலும் நிலையின் விளிம்பு மட்டும் ஒரு விரற்கடை அளவுக்கு முன்துருத்திக்கொண்டிருந்தது.

உள்ளே திறக்கும் கதவுக்குக் கீல் உள்ளே தெரியும். இந்தக் கதவு வெளியே, படிக்கட்டு மேடையின் பக்கம் திறப்பது. இத்தனை ஆண்டுகளில் படுக்கையறைக் கதவை வெளிப்பக்கம் திறப்பதாக அவர் ஒருநாளும் வரைந்ததில்லை. அதனால் இன்று காலை அவருடைய கை, கண்ணைக் கேளாமலேயே அந்தக் கால் வட்டத்தை உள்ளே போட்டுவிட்டது.

வளைகோடு இல்லையென்றால் கட்டில் உயரமான சுவரோரம் வரும். மேசை ஜன்னலுக்கு வரும். அலமாரி திறக்கும். அறை ஆகும்.

உருப்பெருக்கியை உறையில் போட்டார். மறுபடி எடுத்தார். பார்த்தார். கீல்கள் அப்போதும் இல்லை.

மணி நான்கு. இன்னும் இரண்டு மணி நேரம் அவர் இந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தால் போதும். யாரும் பொய் சொல்ல வேண்டியதில்லை. கடிகாரம் தன் வேலையைச் செய்யும். மகள் அக்கா வீட்டுக்குப் போவாள். தம்பி சொன்ன 'சரிக்கா' நிற்கும். தரையில் கிடந்த தவறும், ஒரு வாளித் தண்ணீரில் போய்விடும்.

எழுந்து சமையலறைக்குப் போனார்.

மனைவி வேலையிலிருந்து திரும்பி, மேசையைச் சுற்றி நுழைந்து, தேநீருக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன, முகம் ஒரு மாதிரி இருக்கு? கூரை இடிஞ்சுதா?"

"கதவு."

"கதவுக்கு என்ன?"

"வெளிப்பக்கம் திறக்குது. நான் உள்பக்கமா போட்டுட்டேன்."

"அதனால?"

"சரியா போட்டா எல்லாம் அடங்கிடும்."

"நல்ல சேதிதானே. அதுக்கு ஏன் கசப்பு மருந்து குடிச்ச மாதிரி நிக்கறீங்க?"

மனைவி அடுப்பைக் குறைத்தார்.

"உங்க அக்கா வியாழக்கிழமை போன் பண்ணாங்க. கட்டில் வாங்கிட்டாங்களாம். வெள்ளைக் கட்டில்."

வரைவாளர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"உனக்குத் தெரியுமா?"

"எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும்கறது உங்களுக்குத்தான் தெரியாது."

"ஏன் என்னக் கேக்கல?"

"நான் விசாரணை மேசையில உக்கார்றவ. வந்து கேட்டா பதில் சொல்லுவேன். நானா எழுந்து போய் யாரையும் விசாரிச்சதில்ல."

"சரி, இப்பக் கேக்கறேன். நான் என்ன பண்ணட்டும்?"

மனைவி தேயிலையைப் போட்டார். கொதிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"எந்த மாடி, எந்த அறைன்னு கேட்டா சொல்லலாம்" என்றார். "நீங்க போக வேண்டிய அறை கூடத்துல இருக்கு. நீங்களே வரைஞ்சதுதான்."

*

ஈரத்துணியோடு அவர் வாசலில் மண்டியிட்டதைப் பெரியவள் கட்டிலில் படுத்தபடியே பார்த்தாள்.

"என்னப்பா பண்றீங்க?"

"கதவைக் கழட்டறேன்."

"குடி வர்றதுக்கு முன்னாடியே ரிப்பேரா?" என்றாள் சின்னவள்.

வளைகோடு அழிந்தது. கோட்டுக்கு வெளியே அதே அளவில் புதிய வளைவு ஒன்றை வரைந்தார். பிறகு நிமிர்ந்து, மறுப்பை எழுதித் தருவதாகச் சொன்னவர், வாயாலேயே சொன்னார்:

"கதவு வெளிப்பக்கம் திறக்குது. நான் தப்பா போட்டுட்டேன். போட்டோவைச் சரியா பார்க்கல."

சின்னவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "அங்குலம் தப்புப் பண்ணிடுச்சா? அம்மா, சீக்கிரம் வாங்க! ஊரக் கூட்டுங்க!"

"கூட்டறது இருக்கட்டும், கட்டிலைப் பிடி" என்றார் அவர்.

கட்டில் உயரமான சுவரோரம் போயிற்று. மேசை, ஜன்னலின் இரட்டைக் கோட்டை ஒட்டி நின்றது. அட்டைப்பெட்டி தாராளமாகத் திறந்தது. பெரியவள் கட்டிலில் உட்கார்ந்து முதுகை நிமிர்த்தினாள். கயிறு எங்கோ எட்டத்தில் இருந்தது.

அவள் முகத்தில் மகிழ்ச்சி இருந்தது, வியப்பு இல்லை. இல்லாததைக் கவனிப்பதில் அன்று அவருக்குச் சற்றுப் பயிற்சி ஏற்பட்டிருந்தது.

"உனக்குத் தெரியுமா?"

அவள் தலையணைக்கடியிலிருந்து கைப்பேசியை எடுத்து நீட்டினாள். வீட்டுக்கார அம்மையாரின் செய்தி. கதவு வெளிப்பக்கம் திறக்கும் என்றும், படியேறி வருபவர்கள் மூக்கைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்றும் எழுதியிருந்தார்.

"எப்பக் கேட்டே?"

"சாப்பிட்டதும். கட்டிலை எப்படித்தான் போட்டிருக்காங்கன்னு கேட்டேன். அவங்களே கதவப் பத்திச் சொன்னாங்க."

"அப்பவே ஏன் சொல்லல?"

வெளியே மழை மறுபடி தூறத் தொடங்கியிருந்தது.

"அத்தை செவ்வாய்க்கிழமை எனக்கு மெசேஜ் அனுப்பினாங்க. மெத்தை கெட்டியா வேணுமா, மெத்துனு வேணுமான்னு."

"எனக்கும் அனுப்பினாங்க" என்றாள் சின்னவள். "அக்காவுக்கு எந்தக் கலர் போர்வை பிடிக்கும்னு. நீலம்னு சொல்லிட்டேன். தப்பா?"

ஆக, ஒரு வாரமாக அந்த வீட்டில் இரகசியம் ஒன்று காக்கப்பட்டு வந்தது; அதைக் காத்தவர் ஒருவர், அறியாதவர் எவருமில்லை.

"உங்களப் பத்தி எனக்குத் தெரியும்ப்பா" என்றாள் பெரியவள். "மறுபடி சரிபார்க்காம ஆகாதுன்னு எழுத மாட்டீங்க. பார்த்தா கதவைக் கண்டுபிடிச்சிடுவீங்க. கண்டுபிடிச்சா சொல்லுவீங்களான்னுதான் தெரியல."

"சொல்லலேன்னா?"

"அத்தை வீட்டுக்கே போயிருப்பேன். உங்களுக்கு மனசில்லாம ஒரு கையெழுத்த வாங்கிட்டுப் போய், அந்த அறையில எனக்குத் தூக்கம் வராது."

தேநீர்க் கோப்பைகளோடு வந்த அம்மா, வாசலுக்கு வெளியே நின்றுவிட்டார். தட்டவில்லை.

"அக்காகிட்ட நான்தான் சரின்னேன்" என்றார் வரைவாளர். "உன்னைக் கேட்டிருக்கணும்."

"ஆமாப்பா."

"கேக்கல."

"ஆமா."

"ரெண்டு தடவை ஆமா சொல்லணுமா?"

"நீங்க ரெண்டு தடவை சொன்னீங்களே."

அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். சிரித்துவிட்டால் கேள்வியிலிருந்து தப்பித்ததாகிவிடும் என்று தோன்றியது.

"இப்பக் கேக்கறேன். அத்தை வீட்டுல ராணி மாதிரி இருக்கலாம். இங்க ஆறு பேரு, ஒரே அடுப்பு, குனிஞ்சு நிமிரணும். படிப்பும் சுலபமில்ல. எங்க இருக்கப் போற?"

"இங்க" என்றாள் அவள்.

அவள் விரல் சுட்டியது கூடத்துத் தரையை. அவள் சொன்னது கடலுக்கப்பால் இருந்த அறையை.

*

ஒப்பந்தத்தை அவர் முழுவதும் படித்தார். பொறுப்பேற்பவர் என்ற சொல்லுக்குத் தாளின் பின்பக்கத்தில் கொடுத்திருந்த விளக்கத்தையும் விடவில்லை. சின்னவள் கடிகாரத்தையும் அப்பாவையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"அப்பா, அஞ்சே முக்கால். காற்புள்ளிய எல்லாம் நாளைக்கு எண்ணிக்கலாம்."

"கையெழுத்துக்கு அப்பறம் எண்ணி என்ன பிரயோஜனம்?"

பேனாவை எடுத்தார். அவருடைய கைப்பேசி ஒலித்தது. சமையலறை மேடையில் கிடந்த அதை மனைவி எட்டிப் பார்த்தார்.

"அண்ணி."

மூவரும் வரைவாளரைப் பார்த்தார்கள். அவர் தாளை நேராக்கினார்.

"எடு" என்றார்.

"எடுத்து என்ன சொல்லட்டும்?"

"உள்ளதைச் சொல்லு."

மனைவி எடுத்தார். விசாரணை மேசையின் தெளிவான, நிதானமான குரலில் பேசினார்: "சொல்லுங்க அண்ணி... இருக்காரு. ஒரு நிமிஷம், கையெழுத்துப் போட்டுக்கிட்டிருக்காரு."

"கையெழுத்தா? எதுல?" என்று அக்காவின் குரல் கூடம் முழுவதும் கேட்டது.

வரைவாளர் தம் பெயரின் கடைசி எழுத்துவரை அவசரப்படாமல் எழுதினார். அடியில் ஒரு கோடு இழுத்தார். மை காய ஊதினார். மனைவி நீட்டிய கைப்பேசியை இடக்கையால் வாங்குமுன், வலக்கையால் தாளை மகளிடம் கொடுத்தார்.